டிராம் தடத்தில் ஓர் எவர்சில்வர் டப்பா

2019ஆம் ஆண்டு அக்டோபர் பதினான்காம் தேதி, திங்கட்கிழமை காலை, ஒரு கைப்பேசி நிறுவனத்தின் வட்டார அலுவலகத்தில் தலைமைப் பொறியாளர் தம் அறைக்கு இரண்டு பெண் பொறியாளர்களை வரவழைத்து ஒரு சோதனையின் விதிகளைத் தெரிவித்தார். நகரின் குறுக்கே ஓடும் டிராம் தடத்தை ஒட்டிய பதினோரு டவர்களும் அந்த வாரம் வழக்கமான நிலையான திட்டப்படி இயங்க வேண்டும். அடுத்த வாரம் புதிய கணினி நிரலின்படி இயங்க வேண்டும். இரண்டு வாரமும் ஒரே ஆள் டிராமில் போய்வந்து, சிக்னல் எப்படிக் கிடைக்கிறது என்று அளவெடுக்க வேண்டும். இருபத்தெட்டாம் தேதிக் கூட்டத்தில் அளவுகளை ஒப்பிட்டு, எந்த முறை சிறந்ததோ அந்த முறையை உருவாக்கியவரை, புதிதாகத் தொடங்கவிருக்கும் அலைவரிசைப் பங்கீட்டுப் பிரிவுக்குத் தலைவராக நியமிப்பதென்று மேலிடம் தீர்மானித்திருந்தது.

நிலையான திட்டத்தை வகுத்தவள் இருவரில் மூத்தவள். நிரலை எழுதியவள் இளையவள். இளையவள், மூத்தவளின் கணவருக்கு உடன்பிறந்த தங்கை. இருவரும் ஒரே வீட்டில் குடியிருந்து, ஒரே பேருந்தில் ஏறி, ஒரே அலுவலகத்துக்கு வந்து, எதிரெதிர் மேசைகளில் அமர்ந்தார்கள்.

இளையவளை வீட்டில் சிட்டு என்று அழைப்பார்கள். மூத்தவளை அலுவலகத்தில் நெடுங்காலம் எல்லோரும் மேடம் என்றுதான் அழைத்துவந்தார்கள். வெளிநாட்டில் படிப்பை முடித்துவிட்டுச் சிட்டு அங்கே வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே, வராந்தாவின் அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிக்குக் கேட்கும்படி, "அண்ணி, பிரிண்டர் எங்க இருக்கு?" என்று குரல் கொடுத்தாள். அந்த வாரமே வரவேற்பறைப் பெண் அண்ணி என்றாள். அடுத்த மாதம் மின்சாரப் பிரிவினர் அண்ணி என்றார்கள். கடைசியில் தலைமைப் பொறியாளரும் ஒருநாள் வாய் தவறிச் சொல்லி, திருத்திக்கொள்ள மறந்து, அப்படியே நிலைநிறுத்திவிட்டார். அரும்பாடுபட்டுச் சேர்த்த மரியாதையை ஒருத்தி ஒரே வார்த்தையில் உறவுமுறையாக மாற்றிவிட்டாளே என்று அண்ணிக்கு வயிறு எரிந்தது. இருந்தாலும், கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கத்தான் வேண்டியிருந்தது.

"அளவெடுக்கறது யாரு சார்?" என்று அந்தத் திங்களன்று சிட்டுதான் கேட்டாள்.

"வெளியிலேர்ந்து யாரையாவது கூப்பிடலாம்னு பாக்கறேன்."

"எதுக்கு சார்? அண்ணியே எடுக்கட்டும்."

தலைமைப் பொறியாளர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "போட்டியில இருக்கறவங்களே அளவெடுக்கறதா? யோசிச்சுதான் பேசறியா?"

"அண்ணி ஒரு புள்ளி தப்பா வந்தாக்கூட மறுபடி ஏறி இறங்கி எடுத்துட்டு வருவாங்க சார். அவங்க அளவுன்னா எனக்குச் சம்மதம்."

 சிட்டு தன்னை நம்புகிறாள் என்பது அண்ணிக்குப் பெருமையாக இருக்கவில்லை. தோற்றுவிடுவோம் என்ற பயம் துளியாவது இருந்தால் இப்படித் தாராளமாகப் பேச வருமா என்றுதான் தோன்றியது.

அவளுடைய திட்டம் அலுவலகச் சுவரில் ஓர் ஆள் உயர வரைபடமாகத் தொங்கியது. நிறுவனத்துக்கு உரிமையான அலைவரிசைகள் சில, டவர்கள் பல. பக்கத்துப் பக்கத்து டவர்கள் ஒரே அலைவரிசையில் பேசினால், அடுத்தடுத்த அறைகளில் இருவர் ஒரே நேரத்தில் உரக்கப் பேசுவதைப் போல, ஒன்றின் பேச்சு மற்றொன்றைக் கெடுக்கும். அதற்குத்தான் குறுக்கீடு என்று பெயர். ஆகையால் அண்ணி ஒவ்வொரு டவருக்கும் ஒரு நிறம் ஒதுக்கி, ஒரே நிறம் அருகருகே வராதபடி, பென்சிலால் தீட்டி, அழித்து, மறுபடி தீட்டி அந்த வரைபடத்தை உருவாக்கியிருந்தாள். ஒரு டவர் நகர்ந்தால் பத்து டவர்களின் நிறம் மாறும். அதை மனத்திலேயே கணக்கிட்டுச் சொல்ல அவளைத் தவிர அங்கே வேறு யாராலும் முடியாது.

அதில் ஒரு குறை உண்டு. அதை அவளும் அறிவாள். டவர்கள் நின்ற இடத்தில் நிற்கும், மனிதர்கள் நிற்பதில்லை. காலையில் எல்லோரும் டிராம் ஏறி அலுவலகப் பகுதிக்குப் போகிறார்கள். அங்கே அலைவரிசை போதாமல் திணறும்போது, அவர்கள் விட்டுவந்த குடியிருப்புப் பகுதி டவர்கள் ஈ ஓட்டிக்கொண்டிருக்கின்றன. மாலையில் இதுவே தலைகீழ்.

சிட்டுவின் நிரலுக்கு நிறமும் கிடையாது, பென்சிலும் கிடையாது. அது ஒவ்வொரு கைப்பேசியையும் நொடிக்குப் பலமுறை விசாரிக்கும்: உனக்கு எப்படிக் கேட்கிறது, எந்தப் பக்கம் போகிறாய், உனக்கு இடைஞ்சல் செய்வது யார். பதிலைப் பார்த்து அந்தந்த நொடிக்கு அலைவரிசையைப் பிரித்துக் கொடுக்கும். டிராம் அடுத்த டவரை நெருங்குவதற்கு முன்பே அங்கே இடம் பிடித்து வைத்திருக்கும். யாருக்குச் சிக்னல் மிகக் குறைவோ, அவர்களுக்குக் கூடுதல் நேரம் ஒதுக்கி, ஒருவரும் ஒரு குறைந்தபட்சக் கோட்டுக்குக் கீழே விழாதபடி தாங்கிப் பிடிக்கும்.

இந்தக் கடைசி விதியை முதன்முதலில் படித்தபோது, இது யாருடைய வீட்டில் கற்றது என்று அண்ணிக்கு உடனே தெரிந்துவிட்டது. சிட்டு குறைமாதத்தில் பிறந்தவள். தவழ்ந்த காலத்தில் நோஞ்சானாக இருந்தவள் என்பதற்காக, முப்பதைத் தொட்டு, படி ஏறினால் படி அதிரும்படி வளர்ந்த பிறகும், மாமியார் பெரிய மீன் துண்டை அவள் தட்டில்தான் வைப்பார். விடுதியில் தங்கிப் படிக்கும் அண்ணியின் மகனுடைய ஜன்னல் வைத்த அறை அவளுக்குப் போனது. காலையில் குளியலறை அவளுக்குத்தான் முதலில். கண்ணாடிக் கடை வைத்திருக்கும் கணவர், மனைவிக்கு மாற்ற வேண்டிய லென்ஸை மூன்று மாதமாக மறந்தார். தங்கை தலைவலிக்கிறது என்று சொன்ன மறுநாளே புதுக் கண்ணாடி மேசையில் இருந்தது.

"அவ படிச்சுப் படிச்சுக் கண்ணு போயிடப் போகுது," என்றார் கணவர்.

"நான் என்ன கண்ண மூடிக்கிட்டா படம் வரையறேன்?" என்றாள் அண்ணி.

"உனக்கென்ன, நீ எப்படியும் சமாளிச்சுக்குவ."

சமாளித்துக்கொள்பவர்களுக்கு அந்த வீட்டில் கிடைத்ததெல்லாம் இந்தப் பாராட்டு ஒன்றுதான்.

முதல் வாரம் அண்ணி தன் திட்டத்தை அளந்தாள். தோளில் ஒரு பை; அதற்குள் நான்கு சோதனைக் கைப்பேசிகளும் ஓர் அளவுக் கருவியும். டிராமின் இரண்டாம் பெட்டியில் கதவோரம் அமர்ந்து, கோடியிலிருந்து கோடிக்குப் போய்வருவாள். அளவுகள் அவள் எதிர்பார்த்தபடியே வந்தன: பெரும்பாலும் நன்றாக, மாலையில் சந்தை நிறுத்தத்துக்கும் ஆற்றுப் பாலத்துக்கும் நடுவே மட்டும் மோசமாக. மோசமானதையும் மறைக்காமல் எழுதினாள். அவ்விஷயத்தில் அவளை யாரும் குறை சொல்ல முடியாது.

இரண்டாம் வாரத் திங்களன்று நிரல் இயங்கியது. டிராம் சந்தையைத் தாண்டியது. அளவுக் கருவியின் கோடு அசையவில்லை. பாலத்தின்மேல் எதிர்த்திசை டிராம் உரசிக்கொண்டு போனது. இரண்டு பெட்டி மக்கள் ஒரே கணத்தில் டவர் மாறும் இடம் அது. அவளுடைய திட்டத்தில் அங்கேதான் தினமும் அழைப்புகள் அறுபடும். அன்று ஒன்றுகூட அறுபடவில்லை. அருகில் நின்ற முதியவர் ஒருவர் யாரிடமோ வாடகை பேசிக்கொண்டிருந்தார். பாலம் முழுக்கப் பேசினார். தண்ணீருக்கு மேலே பேசினார். இறங்கி நடந்துகொண்டும் பேசினார்.

எவ்வளவு அழகாக எழுதப்பட்ட நிரல் என்பது அண்ணிக்கு அந்தப் பாலத்தைக் கடப்பதற்குள் புரிந்துவிட்டது. வேலை தெரியாதவளாக இருந்திருந்தால் பொறாமைப்பட்டிருக்க மாட்டாள். புரியாத ஒன்றைப் பார்த்து வாய் பிளந்துவிட்டு வீட்டுக்குப் போயிருப்பாள். அவளுக்கோ ஒவ்வொரு நுணுக்கமும் தெரிந்தது. இந்த இடத்தில் இப்படிச் செய்யலாமென்று தனக்கு ஏன் தோன்றவில்லை என்று ஒவ்வொரு நிறுத்தத்திலும் கேட்டுக்கொண்டாள். செவ்வாயன்றும் அப்படியே.

அன்று மாலை சாப்பாட்டு மேசையில் மாமியார், "பிரிவுத் தலைவின்னா தனி ரூம் குடுப்பாங்களாடி?" என்று மகளைக் கேட்டார்.

"அண்ணிக்குக் கிடைச்சா அண்ணிக்குத் தனி ரூம்மா," என்றாள் சிட்டு.

"அவளுக்கு எதுக்கு? அவ அந்தச் சுவரப் பாத்துக்கிட்டே இருந்துடுவா." மாமியார் சொன்னதில் கெடுதல் எண்ணம் இல்லை. கணவர் சிரித்தார். சிட்டு மட்டும் சிரிக்காமல், "அந்தச் சுவர்ல இருக்கறத வச்சுதான் நான் ஆரம்பிச்சேன்," என்றாள். அது அனுதாபமாகத் தெரிந்ததால் அண்ணிக்கு அதிகமாகச் சுட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு தட்டுகளை எடுத்து அடுக்கினாள். கழுவும் இடத்தில் அவளுடைய மதியச் சாப்பாட்டு டப்பா கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. இரண்டு அடுக்கு, எவர்சில்வர், இறுக்கமான மூடி. அவள் அதைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

உலோகப் பெட்டிக்குள் அலை நுழையாது என்பது அவள் தொழிலின் பாலபாடம். மூடியை முழுக்க அழுத்தினால் உள்ளே இருக்கும் கைப்பேசி செத்துப்போகும். செத்த கைப்பேசியை நிரல் கண்டுகொள்ளாது. மூடிக்கும் டப்பாவுக்கும் இடையே ஒரு காகிதக் கைக்குட்டையை மடித்து வைத்தால், அந்தக் கீற்று இடைவெளி வழியே சிக்னல் கொஞ்சம்போல் கசியும். கைப்பேசி சாகாது, சாகக் கிடக்கும். சாகக் கிடப்பவர்களைத் தாங்கிப் பிடிப்பதுதானே சிட்டுவின் நிரல்.

புதனன்று காலை அண்ணி கீழடுக்கில் சாப்பாட்டையும், மேலடுக்கில் தன் சொந்தக் கைப்பேசியையும் வைத்தாள். முடிவில்லாமல் ஒரு நீண்ட திரைப்படத்தை இறக்கிக்கொண்டே இருக்கும்படி அதை ஏவிவிட்டு, ஒலியை அடக்கி, காகிதம் மடித்து மூடினாள். சோதனைக் கைப்பேசிகள் நான்கையும் தொடவில்லை. தான் எடுக்கும் அளவு ஒவ்வொன்றும் சரியான அளவு என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அது உண்மையும்கூட.

டப்பா வேலை செய்தது. உள்ளே கிடந்த கைப்பேசி தாகம் தாகம் என்று கதற, நிரல் ஓடி ஓடி ஊற்றியது. எவ்வளவு ஊற்றினாலும் அது அந்தக் குறைந்தபட்சக் கோட்டை எட்டவில்லை. எட்டாததால் இன்னும் ஊற்றியது. சுற்றி இருந்தவர்களின் பங்கு சுருங்கியது. சந்தை நிறுத்தத்தில் ஓர் அழைப்பு அறுந்தது, பாலத்தில் நான்கு. அண்ணி ஒவ்வொன்றையும் ஒழுங்காகப் பதிவு செய்தாள். திங்கட்கிழமைக்குப் பிறகு அன்றுதான் அவளுக்குச் சாப்பாடு இறங்கியது.

அலுவலகத்தில் சிட்டு திரைக்கு முன்னால் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "காலைலேர்ந்து என்னமோ ஆச்சு அண்ணி. ரெண்டு நாள் ஒழுங்கா ஓடினது இன்னிக்கு ஏன் இப்படிச் செய்யுதுன்னே புரியல."

"பாரு. பாத்தா புரியும்," என்றாள் அண்ணி. தன் குரல் எவ்வளவு சாந்தமாக இருக்கிறது என்று அவளுக்கே வியப்பாக இருந்தது.

வியாழனன்று மதியம் டிராமில் நெரிசல் அதிகம். எதிர் இருக்கையில் ஒரு பெண்மணி, மடியில் துணிப்பொதியோடு, கைப்பேசியைக் காதோடு அழுத்திப் பிடித்திருந்தாள்.

"நீ எங்க நிக்கற? கேட்டுக்கு உள்ளயா, வெளியயா? ஹலோ. ஹலோ." எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி அழைத்தாள். "பாப்பா, யார் கூடவும் போகாத. அம்மா வந்துட்டே... ஹலோ."

மூன்றாம் முறையும் அறுந்தது. பக்கத்தில் நின்றவரிடம், "ஸ்கூல் சீக்கிரம் விட்டுட்டாங்களாம். எங்க நிக்கறேன்னு சொல்றதுக்குள்ள கட்டாயிடுது," என்றாள்.

"இந்தப் பக்கம் நேத்துலேர்ந்தே இப்படித்தான்," என்றார் அவர். "வாங்கற காசுக்கு வேலை செய்ய மாட்டேங்குது."

அண்ணியின் மடியில் டப்பா இருந்தது. அந்தத் தாயின் பங்கு எங்கே போகிறது என்று அந்த டிராமில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். மூடியைத் திறந்தால் போதும். விரல்கள் மூடியின் விளிம்புவரை போயின. திறந்தால் கோடு நிமிரும். திரையில் சிட்டு பார்ப்பாள். அடுத்த நிறுத்தம் வரட்டும், அங்கே பெரிய டவர் இருக்கிறது, அந்தம்மாவுக்கு லைன் கிடைத்துவிடும் என்று அண்ணி தனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டாள். அடுத்த நிறுத்தம் வந்து போனது. அந்தப் பெண்மணி இன்னமும் ஹலோ ஹலோ என்றுகொண்டிருந்தாள். அண்ணியின் விரல்கள் மூடியின்மேலேயே இருந்தன.

அப்போது டப்பா மணி அடித்தது.

முதலில் யாருக்கும் புரியவில்லை. எவர்சில்வருக்குள் அடித்த மணி, கோயில் மணியும் கிரைண்டரும் கலந்ததுபோல் அதிர்ந்தது. டப்பாவே நடுங்கியது. பெட்டி முழுக்கத் திரும்பிப் பார்த்தது. துணிப்பொதிக்காரிக்குப் பக்கத்தில் நின்றவர்தான் குனிந்து, மரியாதையாக, "அம்மா, உங்க சாப்பாடு கூப்பிடுது," என்றார்.

ஒலியை அடக்கியது அண்ணிக்கு நன்றாக நினைவிருந்தது. அதோடு வேறொன்றும் நினைவுக்கு வந்தது. சென்ற ஆண்டு மாமியார் குளியலறையில் வழுக்கி விழுந்து, யாரும் போனை எடுக்காமல் கிடந்த பிறகு, கணவர் வீட்டில் எல்லோருடைய கைப்பேசியையும் வாங்கி, குடும்பத்தார் அழைத்தால் மட்டும், ஒலி அடங்கியிருந்தாலும் மணி அடிக்கும்படி அமைத்திருந்தார். அந்தப் பட்டியலில் சிட்டுவின் பெயரைச் சேர்ப்பதைப் பார்த்து அன்றே அவளுக்கு எரிச்சல் வந்தது. ஆபீசில் எதிரே உட்கார்ந்திருப்பவளுக்கு எதற்கு முன்னுரிமை என்று கேட்க நினைத்து, கேட்காமல் விட்டாள்.

மூடியைத் திறந்து எடுத்தாள். "சொல்லு."

"அண்ணி, உங்க பெட்டியிலதான் ஒரு போன் இருக்கு," என்றாள் சிட்டு. ஒரு கீறல்கூட இல்லாமல், பக்கத்தில் அமர்ந்து பேசுவதைப் போல அவள் குரல் கேட்டது. "உயிரு ஊசலாடுது அதுக்கு. எல்லாரோட பங்கையும் அதுதான் குடிக்குது. டிராம் எங்க போனாலும் ஒரே அளவுல மோசமா இருக்கு. யாராவது இரும்புச் சாமானுக்கு நடுவுல உக்காந்திருக்காங்களான்னு கொஞ்சம் பா..."

நிறுத்திக்கொண்டாள். அலுவலகத்துத் திரையில் என்ன நடந்திருக்கும் என்பது அண்ணிக்குத் தெரியும். சாகக் கிடந்த கைப்பேசி, மூடி திறந்த நொடியில் எழுந்து உட்கார்ந்திருக்கும்.

எதிர் இருக்கையில், "ஆங், இப்பக் கேக்குது பாப்பா. கேட்டுக்கு உள்ளயே நில்லு. அந்த வாட்ச்மேன் மாமா பக்கத்துல நில்லு. அம்மா ரெண்டு ஸ்டாப்புல வந்துடுவேன்," என்ற குரல் நிம்மதியாக ஓடிக்கொண்டிருந்தது. யாரோ இன்னொருவர், "டப்பாவுக்குள்ள போன வச்சா சூடா இருக்குமோ என்னமோ," என்று சொல்ல, பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். இவையெல்லாம் கைப்பேசி வழியே அந்தப் பக்கமும் தெளிவாகப் போய்ச் சேர்ந்தன.

 பிறகு சிட்டு, "சரி அண்ணி, சாப்பிடுங்க. வச்சிடறேன்," என்றாள்.

அண்ணி சாப்பிடவில்லை. அவள் மனத்தை அறுத்தது அகப்பட்டுக்கொண்ட அவமானம் மட்டும் அன்று. எவர்சில்வருக்குள் அடைத்து, மூடி போட்டு, மடியில் வைத்து அழுத்தியிருந்த கைப்பேசிக்கும் அந்த நிரல் அழைப்பைக் கொண்டுவந்து சேர்த்துவிட்டது. அவளுடைய திட்டத்தில் அது ஒருநாளும் மணி அடித்திருக்காது.

அன்று மாலை சிட்டு வீட்டில் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. மறுநாளும் சொல்லவில்லை. அண்ணி வெள்ளியன்று டப்பாவில் சாப்பாட்டை மட்டும் எடுத்துப் போனாள். கோடு அசையாமல் வந்தது. சனி, ஞாயிறு இரண்டு நாளும் சிட்டு ஜன்னல் அறைக்குள் கணினியோடு அடைந்து கிடந்தாள். ஞாயிறு காலை குளியலறை வாசலில் இருவரும் எதிர்ப்பட்டபோது, "நீங்க முதல்ல போங்க அண்ணி," என்று விலகி நின்றாள். இவ்வளவு நாள் கிடைக்காத முதலிடம் இப்படிக் கிடைக்க வேண்டுமா என்று நினைத்துக்கொண்டே அண்ணி உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டாள். திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டியிருக்கலாம். மாமியாரிடம் சொல்லிக்கொடுத்திருந்தால், பார்த்தீர்களா உங்கள் தங்கையை என்று கணவரிடம் பாய்ந்திருக்கலாம். சும்மா இருப்பவளை என்ன செய்வது?

இருபத்தெட்டாம் தேதி கூட்டத்தில் தலைமைப் பொறியாளர் இரண்டு வார அளவுகளையும் திரையில் போட்டார். புதனும் வியாழனும் பள்ளமாகத் தெரிந்தன. விற்பனைப் பிரிவு மேலாளர் அவற்றைச் சுட்டிக்காட்டி, "இந்த ரெண்டு நாள்ல வந்த புகாருக்கு நான்தான் பதில் சொன்னேன். பழைய முறையில இவ்வளவு மோசம் எப்பவும் ஆனதில்ல. அண்ணியோட திட்டமே இருக்கட்டும் சார்," என்றார். இரண்டொருவர் தலையசைத்தார்கள்.

அண்ணி கேட்க விரும்பிய வாக்கியம் அதுதான். வாய் நிறைய அதைச் சொல்கிறார் ஒருவர். தனி அறை, பெயர்ப்பலகை எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தன. அவள் எதிரே இருந்த தண்ணீர்க் குவளையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்த ரெண்டு நாளும் நாங்க வேணும்னே வச்ச சோதனை சார்," என்றாள் சிட்டு.

எல்லோரும் அவள் பக்கம் திரும்பினார்கள்.

"சிக்னலே எட்டாத ஒரு போன் பெட்டிக்குள்ள இருந்தா நிரல் என்ன செய்யும்னு பாக்கணும்னு அண்ணிக்கு ஒரு யோசனை. ஒரு போன எவர்சில்வர் டப்பாவுல போட்டு எடுத்துட்டுப் போனாங்க. அதுல ஒரு பெரிய ஓட்டை தெரிஞ்சுது. குறைஞ்சவங்களுக்குக் குடுக்கணும்னு எழுதினேனே தவிர, எவ்வளவு வரைக்கும்னு நான் எழுதவே இல்ல. அண்ணி பாக்கலேன்னா ஊர் பூரா போட்ட அப்புறம்தான் தெரிஞ்சிருக்கும். இப்ப உச்சவரம்பு வச்சுத் திருத்திட்டேன்."

தலைமைப் பொறியாளரின் முகம் மலர்ந்தது. "அதானே பாத்தேன். டப்பாவுல போடணும்னு அண்ணிக்குத்தான் தோணும்."

அறையில் சிரிப்பு எழுந்தது, மெச்சுகிற சிரிப்பு. சிட்டு மேசையின் எதிர்ப்பக்கத்திலிருந்து அண்ணியை நேராகப் பார்த்தாள். ஏளனம் இல்லாத, கெஞ்சுவதுபோன்ற பார்வை. எடுத்துக்கொள்ளுங்கள் என்றது அது.

அந்தக் கணத்தில் அண்ணிக்கு ஒன்று தெளிவாயிற்று. இதை எடுத்துக்கொண்டால், இனி ஒவ்வொரு நாளும் எதிர் மேசையில் அமர்ந்து இவள் கொடுத்ததை அனுபவிக்க வேண்டும். சாகக் கிடக்கும் கைப்பேசிக்கு ஊற்றியதைப் போல இவள் தனக்கும் ஊற்றுகிறாள். இத்தனை காலம் பெரிய துண்டு யார் தட்டில் விழுகிறது என்று கணக்கிட்டுக்கொண்டிருந்தவளுக்கு, இந்தத் துண்டு தொண்டையில் இறங்காது. இவளைவிடத் தாழ்ந்து நிற்கலாம். இவள் இரக்கத்தில் உயர்ந்து நிற்க முடியாது.

"அது சோதனை இல்ல சார்," என்றாள்.  தண்ணீரைக் குடித்துவிட்டு, எழுதி வைத்து வாசிப்பவளைப் போல ஒவ்வொரு வாக்கியத்தையும் முடித்துச் சொன்னாள். "இவளோட நிரல் நல்லா ஓடிச்சு. அது எனக்குப் பொறுக்கல. அத விழ வைக்கணும்னுதான் டப்பாவுல போன போட்டேன். ஓட்டை இருக்கும்னு எனக்கு முன்னாடியே தெரியும். தெரிஞ்சும் இவகிட்ட சொல்லல. வியாழக்கிழமை ஒரு அம்மா தன் குழந்தைய எங்க நிக்கறன்னு கேக்க முடியாமத் தவிச்சாங்க. மூடி என் கையிலதான் இருந்தது. நான் தொறக்கல. இவ போன் பண்ணினதாலதான் தொறந்தேன்."

 விற்பனை மேலாளர் தம் பேனாவின் மூடியைக் கழற்றி மாட்டினார்.

"அண்ணி, எதுக்கு இப்ப..." என்று தொடங்கினாள் சிட்டு.

"நீ சும்மா இரு. எனக்காகப் பொய் சொல்லிப் பெரியவளாகப் பாக்காத. நீ ஏற்கெனவே போதுமான அளவுக்குப் பெரியவதான்."

யாருக்கும் புகழ்ச்சியாகத் தோன்றாத குரலில் அவள் அதைச் சொன்னாள். சிட்டுவுக்கு மட்டும் கண் நிறைந்துவிட்டது. அதைப் பார்த்ததும் அண்ணிக்கு, அழுவதிலும் இவளுக்குத்தான் முதலிடம் என்று எரிச்சல் வந்தது. அது அவளுக்குப் பழகிய எரிச்சல்.

தலைமைப் பொறியாளர் எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டு, மேலிடத்தோடு பேசிய பின் பிற்பகலில் முடிவுகளைத் தெரிவித்தார். புதன், வியாழன் அளவுகள் நீக்கப்பட்டன; அந்த இரண்டு நாள்களுக்கான பயணத்தை வெளியாள் ஒருவர் மறுபடி செய்து அளவெடுத்தார்; கோடு அசையவில்லை. டிராம் தடத்தின் பதினோரு டவர்களும் அந்த மாத இறுதியிலிருந்து நிரலின்படி இயங்கின. எவ்வளவு நலிந்த கைப்பேசியானாலும் ஒரு டவரின் நேரத்தில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் பெறலாகாது என்று உச்சவரம்பு விதிக்கப்பட்டது. அந்தப் பத்தில் ஒன்று என்ற அளவை நிர்ணயித்தவள் அண்ணி; சிட்டு எட்டில் ஒன்று என்று வாதாடித் தோற்றாள். பிரிவுத் தலைமை சிட்டுவுக்கு வழங்கப்பட்டது. அண்ணிக்கு எழுத்து மூலம் கண்டனம் தரப்பட்டு, ஓராண்டுக்குக் களத்தில் அளவெடுக்கும் பொறுப்பு அவளிடமிருந்து எடுக்கப்பட்டது. அதே பிரிவில் இரண்டாம் நிலையில், சிட்டுவின் கீழ் பணிபுரிய அவள் சம்மதித்தாள். சுவர் வரைபடத்தைக் கழற்றுவதா என்ற கேள்வி எழுந்தபோது, நிரல் பழுதானால் நகரம் திரும்ப வேண்டிய இடம் அதுதான் என்று சிட்டு எழுதிக் கொடுத்ததால், அது அங்கேயே இருந்தது. அலுவலகத்துக்குள் தன்னை யாரும் அண்ணி என்று அழைக்கக் கூடாது என்று அவள் ஒரே ஒரு கோரிக்கை வைத்தாள். அது ஏற்கப்பட்டது, பிரிவுத் தலைவியையும் அது கட்டுப்படுத்தும் என்று தெளிவாக எழுதப்பட்டது.